டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒரு லாயர பாரு

அன்புள்ள சேகர்,

நல்லா இருக்கியா, வீட்ல எல்லாரும் சௌக்கியமா? தைப்பூசத்துக்கு வரேன்னு நீ எழுதுனத படிச்சதும் இங்க எல்லாருக்கும் சந்தோசம். இங்க மலேசியாவுல, நம்ம பீடோங்ல நம்ம செட்டு ஆளுங்க பாதி பேரு இன்னும் இருக்காங்க, கித்தா மரத்தையெல்லாம், அதான் ரப்பர் மரத்த, வெட்டிட்டு செம்பனை போட்டாச்சு, தோட்டத்து லயத்து வீடு இருந்த இடத்துல தாமான்னு புது குடியிருப்பு வந்துருச்சு, வந்தா நீயே பாப்ப. ஆனா நடுவுல ஒரு வரி போட்டிருந்த பாரு, முட்டிவலிக்கு கஞ்சா மிட்டாய் சாப்பிடுறேன், சியாட்டில்ல கடையிலயே விக்கிறான், ஒண்ணும் தப்பில்லன்னு, அதான் மனச போட்டு குடையுது.

உங்க வாஷிங்டன் மாநிலத்துல 2012லயே ஓட்டு போட்டு கஞ்சாவ அனுமதிச்சுட்டாங்க, சரி. ஆனா ஏர்போர்ட்ல உன் பாஸ்போர்ட்ட வாங்கி பாக்கிறவன் மாநிலத்து ஆளு இல்லடா, பெடரல் ஆளு, அதாவது அமெரிக்க மத்திய அரசு ஆளு, அவன் சட்டத்துல கஞ்சா இன்னும் தடைதான். இதுல கொடுமை என்னன்னா கேஸு, கோர்ட்டு, தண்டனை எதுவுமே வேணாம், "ஆமா சார் சாப்பிட்டிருக்கேன்"னு நீ விவரமா வாயால ஒத்துக்கிட்டாலே குடிநுழைவு சட்டத்துல உள்ள விட தகுதியில்லாத ஆளுன்னு எழுதலாம். உன்ன மாதிரி கிரீன் கார்டு, அதான் நிரந்தரமா தங்குற அனுமதி, வச்சிருக்கவன் வெளிய போயிட்டு திரும்புனா சாதாரணமா புதுசா வர்ற ஆளு மாதிரி நடத்த மாட்டாங்க, ஆனா போதைப்பொருள் விசயம்னு வந்துட்டா அந்த பாதுகாப்பு போயிடலாம். இத்தன வருசம் அங்க இருந்தும் நீ இன்னும் சிட்டிசன் ஆகலயே, அதான் எனக்கு பயம். இனிமே சிட்டிசனாக மனு போட்டாலும், மாநிலத்துல சட்டப்படி வாங்கி சாப்பிட்டதா இருந்தாலும் நன்னடத்தை இல்லன்னு தள்ளலாம்னு 2019ல எழுதியே வச்சிருக்காங்க.

அதுக்காக கேட்டா இல்லன்னு பொய் சொல்லிடாத, தெரிஞ்சே பொய் சொன்னா அது தனியா ஒரு தடை, கஞ்சாவ விட அது மோசம். நீயா போய் எதையும் ஒப்பிக்கவும் வேணாம். கெளம்புறதுக்கு முன்னாடி குடிநுழைவு கேஸ் பாக்கிற லாயர் ஒருத்தர உக்காந்து பேசு, காசு பாக்காத. போன வாங்கி நோண்டி பாக்கிற அதிகாரமும் அவங்களுக்கு இருக்கு, மிட்டாய் டப்பா போட்டோவெல்லாம் எதுக்கு அதுல?

அந்த மிட்டாய பையில வச்சு இங்க கொண்டு வர நினைக்கவே நினைக்காத. இங்க 200 கிராம் கஞ்சா கையில இருந்தா கடத்தல்னுதான் கணக்கு, தூக்கு கட்டாயம்ங்கிறத 2023ல எடுத்துட்டாங்களே தவிர தூக்கு இன்னும் நீதிபதி கையில இருக்கு. சாப்பிட்டுட்டு வந்தாலும் யூரின் டெஸ்ட்ல காட்டிடும், அப்பப்ப எடுக்கிறவனுக்கு சில நாளு, தினமும் எடுக்கிறவனுக்கு வாரக்கணக்குல கூட உடம்புல நிக்கும். 2022 ஜூன்ல தாய்லாந்து கஞ்சாவ தடைப்பட்டியல்லேந்து எடுத்ததும் நம்ம பையனுங்க எல்லையில இருக்கிற புக்கிட் காயூ ஹித்தாம் தாண்டி டானோக்கு, ஹாட்ஞாய்னு போயிட்டு வந்தானுங்க, அங்க பச்சை இலை போர்டு மாட்டாத தெருவே இல்லன்னு சொன்னானுங்க. போன வருசம் எங்க பக்கத்து வீட்டு பையன் அப்படித்தான் போயிட்டு வந்து போலீஸ் ரோட் பிளாக்ல மாட்டிக்கிட்டான். பேரு ஒட்டுன அந்த சின்ன யூரின் டப்பாவுல பாசிட்டிவ் வந்துருச்சு, அவங்கம்மா காலையில தோட்ட வேலைக்கு போட்டிருந்த பூட்ஸோடயே ஸ்டேசன் வாசல்ல சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தாங்க. இங்க போதைப்பொருள் சட்டத்துல 15வது பிரிவு, 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் அபராதம் இல்லன்னா 2 வருசம் வரைக்கும் உள்ள, அதுக்கு மேல கண்காணிப்பு வேற. அங்க கடையில வாங்குனது சார்னு அவன் சொன்னத யாரு கேட்டா? ராணுவத்துக்கு மனு போட்டிருந்த பையன்டா.

உன் மகன் கதை வேற, அவன் அங்கயே பொறந்தவன், வெளிய நிறுத்த முடியாது. ஆனா விமானக் கம்பெனி வேலைக்கு செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதான் ரகசிய விசயத்த நம்பி குடுக்கலாம்னு அரசாங்கம் குடுக்கிற அனுமதி, வேணும்னு எழுதியிருந்த. எஸ்எப்-86ங்கிற அந்த பாரத்துல கடைசி 7 வருசத்துல போதைப்பொருள் தொட்டியான்னு கேப்பாங்க, காலேஜ்ல பிடிச்சது கட்டாயம் அதுக்குள்ள வரும். மறைக்க வேணாம்னு சொல்லு. 2021 டிசம்பர்ல அங்க உளவுத்துறைக்கெல்லாம் தலைமையா இருந்த அவ்ரில் ஹைன்ஸ், முன்னாடி கஞ்சா எடுத்தது ஒண்ண மட்டும் வச்சு முடிவு பண்ணக்கூடாது, எத்தன தடவ, இனிமே தொட மாட்டானான்னு பாருங்கன்னு சொல்லிட்டாங்க. ஆனா பாரத்துல கையெழுத்து போட்டப்புறம் தொடவே கூடாது, பொய் எழுதுனா 5 வருசம் வரைக்கும் ஜெயில். உள்ளத எழுதி, விட்டுட்டேன்னு எழுதிக் குடுக்கிற பையனுக்கு வழி இருக்கு, மறைச்சு மாட்டுறவன யாரும் நம்ப மாட்டாங்க. நம்ம வீட்டு பசங்க இப்படி ஒரு வேலை வரைக்கும் வந்ததே பெருசுடா, ஒரு வரி பொய்யால அது போகக்கூடாது.

நீ சொன்னா அப்பா பயப்படுறாருன்னு நினைப்பான். அவன் நம்பர் அனுப்பு, நானே பேசுறேன். லாயர் என்ன சொன்னார்னும் எழுது, அதுக்கப்புறம் டிக்கெட் போடு.

அன்புடன்,
குமார்