அணிவகுப்பை முழுமையாகக் காட்டுங்கள்: சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவர் கிர்ஸ்டி கோவென்ட்ரி அவர்களுக்கும், லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் ஏற்பாட்டாளர்களுக்கும், சென்னையிலிருந்து ஒரு ரசிகனின் வணக்கம்.

2028 ஜூலை 14 அன்று நடக்கவிருக்கும் தொடக்க விழா, கொலிசியம், சோஃபை என இரண்டு அரங்குகளில் பகிர்ந்து நடத்தப்படும் என்ற அறிவிப்பைப் படித்ததிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. 2024 ஜூலை 26 அன்று பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில், அணிகள் அரங்கில் நடக்காமல் செய்ன் ஆற்றில் படகுகளில் வந்தபோது நடந்தது தங்களுக்குத் தெரியாததல்ல. ஒரே ஆற்றில் வரிசையாக வந்த படகுகளையே எங்களால் ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை என்னும்போது, இரண்டு அரங்குகளுக்கிடையே கேமரா தாவப்போகும் விழாவில் வீரர்களை எங்கே தேடுவது? ஆகவே இப்போதே கேட்டுவிடுகிறேன்: ஒவ்வொரு நாட்டு அணியையும், முகம் தெரியும் அளவுக்காவது, இடைவெட்டு இல்லாமல் திரையில் காட்டுங்கள்.

அன்று இந்தியாவில் ஒளிபரப்பு தொடங்கியபோது இரவு 11 மணி. எங்கள் வீட்டில் யாரும் படுக்கவில்லை. பி.வி. சிந்துவுடன் இந்தியக் கொடியை ஏந்தி வந்தவர் எங்கள் சென்னைக்காரர் சரத் கமல். 2004 ஏதென்ஸில் தொடங்கிய அவருக்கு அது ஐந்தாவது ஒலிம்பிக், வயது 42. டேபிள் டென்னிஸ் மட்டையோடு இருபது ஆண்டுகள் நாட்டுக்காக ஓடிய ஒருவர் கொடியோடு நிற்கும் காட்சியை இன்னொரு முறை பார்க்கக் கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மழையில் படகு வந்தது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சரத் எது?" என்று கேட்டார். நான் எழுந்துபோய்த் திரையில் விரல் வைத்துக் காட்டுவதற்குள் காட்சி வேறெங்கோ போய்விட்டது. சரத்துக்குக் கிடைத்தவை அந்தச் சில நொடிகள்தான். எங்களுக்கும் அவ்வளவுதான்.

மழையை நான் குறை சொல்லவில்லை. கலை நிகழ்ச்சிகளே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஐஃபெல் கோபுரத்தில் செலின் தியோன் பாடியதையும், பிரான்சின் முன்னாள் சைக்கிள் வீரர், நூறு வயது சார்ல்ஸ் கோஸ்த் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி ஒலிம்பிக் சுடரைக் கைமாற்றியதையும் பார்த்துக் கண்கலங்கியவன் நான். முன்பெல்லாம் கலை நிகழ்ச்சி ஒருபுறம், அணிவகுப்பு ஒருபுறம் என்று தனித்தனியே இருக்கும். பாரிஸில் இரண்டையும் கலந்தார்கள். கலந்ததில் கரைந்துபோனவர்கள் வீரர்கள். இழப்பு எப்போதும் ஒரே பக்கத்துக்குத்தான் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

1961 அக்டோபர் 17 அன்று பாரிஸ் காவல்துறையால் கொல்லப்பட்டு அதே செய்ன் ஆற்றில் வீசப்பட்ட தம் மக்களை நினைத்து, அல்ஜீரிய வீரர்கள் படகிலிருந்து சிவப்பு ரோஜாக்களைத் தண்ணீரில் விட்டார்கள். அந்த மாலையின் மிகக் கனமான அந்தத் தருணத்தை நான் மறுநாள் செய்தியில்தான் பார்த்தேன். சிறிய கரீபியத் தீவு நாடுகளான செயின்ட் லூசியாவின் படகையும் டொமினிகாவின் படகையும் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? எட்டே நாள் கழித்து, ஆகஸ்ட் 3 அன்று, ஜூலியன் ஆல்ஃபிரெட் 100 மீட்டர் ஓட்டத்திலும் தியா லாஃபாண்ட் மும்முறைத் தாண்டுதலிலும் தங்கம் வென்று அந்த இரு நாடுகளுக்கும் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றுத் தந்தார்கள். தென் கொரிய அணியை வட கொரியாவின் பெயரால் அறிவித்ததற்குத் தாங்கள் மன்னிப்புக் கேட்டது சரியே. ஆனால், காட்டப்படாமலே போன அணிகளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

கமிட்டியின் வருமானத்தில் பெரும்பங்கு ஒளிபரப்பு உரிமைகளிலிருந்து வருகிறது. அந்த உரிமைக்கு விலை கிடைப்பது நாங்கள் விழித்திருந்து பார்ப்பதால். விடிய விடிய உட்கார்ந்திருப்பவனிடம் விளம்பரத்தையும் தொகுப்பாளர்களின் ஓயாத பேச்சையும் கொடுத்துவிட்டு, அவன் காண வந்தவரை மட்டும் மறைப்பது என்ன நியாயம்? உள்ளூர் அலைவரிசைகள் செய்வதற்கெல்லாம் தாங்கள் பொறுப்பாக முடியாது என்பது புரிகிறது. ஆனால் எல்லா அலைவரிசைகளுக்கும் போய்ச் சேரும் மூல ஒளிபரப்பு தங்கள் கையில்தான் இருக்கிறது.

நேரமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாரிஸில் வந்தவை 205 அணிகள். ஓர் அணிக்கு 20 நொடி என்று ஒதுக்கினாலும் 70 நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். விழாவோ ஏறத்தாழ நான்கு மணி நேரம் நடந்தது. ஒரே ஒரு வீரரை அனுப்பிய நவ்ருவுக்கும் நூற்றுக்கணக்கானோரை அனுப்பும் அமெரிக்காவுக்கும் அந்த 20 நொடி பொதுவாக இருக்கட்டும்.

தலைவர் அவர்களே, ஜிம்பாப்வேயின் நீச்சல் வீராங்கனையாக ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்றவர் தாங்கள். பெரிய நாடுகளின் நடுவே சிறிய அணியின் சீருடையில் நிற்பது எப்படியிருக்கும் என்பதை நான் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் எந்த அரங்கில் எந்த அணி நடந்தாலும், அதன் பெயர் திருத்தமாக ஒலிக்க, கொடி ஏந்துபவரின் பெயர் திரையில் தெரிய, எல்லா அணிகளையும் இடைவெட்டின்றிக் காட்டும் ஒரு மூல ஒளிபரப்பை உறுதிசெய்து, அதை விழாவுக்கு முன்பே அறிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஓர் ஒலிம்பிக் ரசிகன்