டட்சன் 120 ஒய் காரின் ஏர்கோன்: செய்யாத வேலைக்கு வாங்கிய பணம் குறித்துப் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
நிர்வாகி,
கார் ஏர்கோன் பட்டறை,
ஈப்போ, பேராக்.

பொருள்: ரசீதில் எழுதிய வேலைகள் செய்யப்படாததால் கம்ப்ரசர் பாழானது; பணத்தையும் பழைய பாகங்களையும் திருப்பிக் கேட்டல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் பட்டறைப் பெயர்ப்பலகையில் தமிழும் இருக்கிறது. முகப்பில் நாம் பேசியதும் தமிழில்தான். ஆகவே இந்தப் புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

கடந்த மார்ச் 3ஆம் தேதி என் அப்பாவின் 1977ஆம் ஆண்டு டட்சன் 120 ஒய் காரை உங்களிடம் விட்டேன். 7ஆம் தேதி 2,850 வெள்ளி (ரிங்கிட்) கட்டி எடுத்துவந்தேன். ஏப்ரல் 11ஆம் தேதி கோலகங்சாரிலிருந்து திரும்பும் வழியில், ஏர்கோன் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் இறுகி, பெல்ட் புகைந்து, சாலையோரம் நின்றுவிட்டோம். மதியம் இரண்டு மணி வெயில். காரில் 81 வயதான அப்பாவும் இருந்தார்.

அப்பா தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். 1984இல் போனஸ் கிடைத்தபோது டேஷ்போர்டுக்குக் கீழே தொங்கும் ஏர்கோன் பெட்டி ஒன்றைப் பூட்டினார். குளிருக்கு மட்டும் அல்ல. தோட்டத்துச் செம்மண் சாலையில் லோரிக்குப் பின்னால் போனால் ஜன்னலைத் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. பிரசவ வலி வந்த பெண்களைத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனதும் இந்த வண்டியில்தான். ஜன்னலை ஏற்றிவிட்டு அந்தத் தூசியைக் கடக்க முடிந்ததை அம்மா சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டியை மறுபடி பழையபடி குளிரவைக்க வேண்டும் என்றுதான் உங்களிடம் வந்தேன். புது மாதிரி பெட்டி ஒன்றை வைத்துத் தரச் சொல்லி நான் கேட்கவே இல்லை.

உங்கள் ரசீது என் முன்னால் இருக்கிறது. கேஸ் மாற்றம், கம்ப்ரசர் சர்வீஸ், எண்ணெய் மாற்றம், புது டிரையர், எல்லா ஓ-ரிங்கும் புதிது, கூலிங் காயில் கழுவியது, கண்டென்சருக்குக் கூடுதல் மின்விசிறி, ஆறு மாத உத்தரவாதம் என்று அதில் எழுதியிருக்கிறது. கார் நின்றுபோன பிறகு எங்கள் ஊரிலேயே உள்ள வேறொரு பட்டறைக்கு இழுத்துப் போனேன். அங்கே என் கண்ணெதிரே ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். நான் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் டிரையர். அது புதிது இல்லை. பழைய டிரையரின் மேலேயே கறுப்புச் சாயம் அடித்திருக்கிறார்கள். விரல் நகத்தால் சுரண்டியதும் அடியிலிருந்து ஆர்-12 என்று பழைய கேஸின் பெயர் போட்ட ஒட்டுத்தாள் வெளியே வந்தது. டிரையரின் உள்ளே இருக்கும் மணிகள் குழாய்க்குள் புகுந்த ஈரத்தை உறிஞ்சத்தான் இருக்கின்றன. குழாயைத் திறந்துவிட்டால் காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து அவை நிறைந்துபோகும். அதற்குப் பிறகு மிஞ்சும் ஈரம், கேஸ் குளிரும் சிறு துவாரமான எக்ஸ்பான்ஷன் வால்வில் ஐஸாக உறைந்து வழியை அடைக்கும், கேஸோடும் எண்ணெயோடும் சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். திறந்த ஏர்கோனுக்கு டிரையர் மாற்றியே ஆக வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். சாயம் அடித்த கைக்கும் அது தெரிந்திருக்கும். தெரிந்தே செய்ததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அடுத்தது எண்ணெய். கம்ப்ரசர் நாசமானது இதனால்தான். பழைய ஆர்-12 கேஸோடு கனிம எண்ணெய் கலந்து ஓடும். கேஸ் போன இடமெல்லாம் போய்க் கம்ப்ரசருக்கே திரும்பி வரும். நீங்கள் நிரப்பிய ஆர்-134ஏ கேஸோடு கனிம எண்ணெய் கலக்காது. கேஸ் மட்டும் சுற்றிவரும், எண்ணெய் காயிலுக்குள்ளேயே தேங்கிவிடும். அதனால்தான் மாற்றும்போது பழைய எண்ணெயை முழுக்க வடித்து, குழாய்களைக் கழுவி, புதுக் கேஸோடு கலக்கும் எஸ்டர் எண்ணெய் ஊற்றுவார்கள். அந்தப் பட்டறையில் கூலிங் காயிலைக் கவிழ்த்தார்கள். பழைய எண்ணெய் கொழகொழவென்று கொட்டியது. கம்ப்ரசருக்குள் ஒரு மேசைக்கரண்டி அளவுகூட இல்லை, இருந்ததும் கரி போல் கறுப்பு. சாண்டன் 508, ஐந்து பிஸ்டன் கம்ப்ரசர். உங்களிடம் விட்ட அன்று சத்தமில்லாமல் ஓடிய பொருள் அது. ஐந்து வாரம் எண்ணெய் இல்லாமல் ஓடி ஓடித் தன்னையே தின்றுவிட்டது.

குழாய் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளும் பழையவையே. தட்டையாகி, வெடித்து, ஒன்று கையோடு உதிர்ந்து வந்தது.

குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்ச வேக்கம் போட்டதைப் பற்றி நானே சாட்சி சொல்வேன். அன்று உங்கள் பட்டறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உங்களிடம் வேலை செய்யும் தம்பி பம்பை ஓடவிட்டு தே தாரிக் குடிக்கப் போனார், குடித்துவிட்டு வந்ததும் நிறுத்திவிட்டார். பத்து நிமிடம்கூட இருக்காது. இத்தனை வருடப் பழைய குழாயில் உள்ள ஈரம் ஆவியாகி வெளியேற அரைமணி நேரமாவது பம்பு ஓட வேண்டும். பிறகு பம்பை நிறுத்திவிட்டு, கேஜ் முள் நகர்கிறதா என்று பார்த்துக் கசிவைச் சோதிக்க வேண்டும். நான் கேட்டேன். “எல்லாம் ஓகே அண்ணே, நீங்க கவலைப்படாதீங்க” என்றார். நம்பினேன்.

கேஸ் நிரப்பியபோதும் நிறை பார்க்கவில்லை. டிரையரின் கண்ணாடியில் குமிழி மறையும் வரை விட்டுக்கொண்டே இருந்தார். ஆர்-12 காலத்துப் பழக்கம் அது. ஆர்-134ஏ கேஸை அப்படிக் கண்ணாடி பார்த்து நிரப்பினால் அளவு மிஞ்சிப்போகும். பழைய கேஸ் பிடித்த நிறையில் 80 முதல் 90 விழுக்காடுதான் இதற்குப் போதும். அளவு மிஞ்சினால் அழுத்தம் ஏறும், அந்தச் சுமையையும் அதே கம்ப்ரசர்தான் தாங்க வேண்டும். என்ன கேஸ், எத்தனை கிராம் என்று எஞ்சின் அறைக்குள் ஒரு ஒட்டுத்தாள்கூட இல்லை. நாளைக்கு வேறு யாராவது திறந்தால் எதை நம்பிக் கேஸ் விடுவார்கள்?

கேஸின் சூட்டை ஆற்றும் கண்டென்சருக்கான கூடுதல் மின்விசிறிக்கு 260 வெள்ளி வாங்கினீர்கள். அது தலைகீழாகச் சுற்றுகிறது. வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கிரில் முன்னால் ஒரு தாளைப் பிடித்துப் பார்த்தேன். ஒட்டிக்கொள்ள வேண்டிய தாள் பறந்து போனது. எஞ்சின் விசிறி காற்றை உள்ளே இழுக்க, உங்கள் விசிறி வெளியே தள்ளுகிறது. சாலை விளக்கில் நிற்கும்போதெல்லாம் எஞ்சின் சூடு முள் ஏறியது ஏன் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. நான் கார் விட்ட அன்று ஏர்கோன் கொஞ்சம் குளிரடித்துக்கொண்டுதான் இருந்தது. உள்ளே ஆர்-12 மிச்சம் இருந்தது. தம்பி வால்வைத் திறந்து அதை அப்படியே காற்றில் விட்டார். உஸ்ஸென்று ஒரு நிமிடம். ஓசோன் படலத்தை அரிக்கும் அந்தக் கேஸை நிறுத்தத்தான் 1987இல் மான்ட்ரியால் ஒப்பந்தம் வந்தது. நம் நாடும் 1989இல் அதில் சேர்ந்தது. அதைச் சிலிண்டரில் பிடிக்க வேண்டும், வெளியே விடக்கூடாது. உங்கள் பட்டறையில் பிடிக்கும் இயந்திரம் இல்லை என்றால் முன்பே சொல்லியிருக்கலாம். இருக்கும் இடத்துக்குக் கொண்டு போயிருப்பேன்.

நான் கேட்பது இவைதான். கட்டிய 2,850 வெள்ளி முழுவதும் திரும்ப வேண்டும். கழற்றிச் சோதித்ததற்கும் இழுவை வண்டிக்கும் நான் கொடுத்த 330 வெள்ளியும் வேண்டும். இரண்டின் ரசீதுகளையும் இணைத்திருக்கிறேன். பாழான கம்ப்ரசருக்குப் பதில் அதே 508 வகை கம்ப்ரசர் ஒன்றை வாங்கித் தர வேண்டும். மறுபடி காரை உங்களிடமே விடச் சொல்லாதீர்கள். விட மாட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் எழுத்து வழியாகப் பதில் வேண்டும். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, காசு வாங்கிச் செய்யும் வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டியது உங்கள் கடமை. பதில் வராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் பதிவு செய்வேன். அங்கே பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வைக்க வேண்டியதில்லை. சாயம் அடித்த டிரையர், ஓ-ரிங்குகள், வடித்த எண்ணெய் எல்லாவற்றையும் போத்தலிலும் பையிலும் பத்திரமாக வைத்திருக்கிறேன். படங்களும் இருக்கின்றன.

கடைசியாக, ஏர்கோன் பெட்டியின் முகப்பில் இருந்த இரண்டு குமிழ்களைக் காணவில்லை. அவற்றுக்குப் பதில் ஏதோ பிளாஸ்டிக் குமிழ்களை மாட்டி அனுப்பியிருக்கிறீர்கள். இடதுபக்கக் குமிழில் அப்பாவின் பெருவிரல் பட்டுப் பட்டு வெள்ளைக் கோடு தேய்ந்துபோயிருக்கும். கண் மங்கிய பிறகும் அதைத் தடவித்தான் எத்தனையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வார். இப்போதும் காரில் ஏறினால் கை அங்கேதான் போகிறது. பழைய சாமான் பெட்டியில் தேடச் சொல்லுங்கள். அது கிடைத்தால் 14 நாள் காக்க வேண்டாம், அன்றே ஒரு வார்த்தை சொல்லுங்கள். பஸ் ஏறி நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டட்சன் 120 ஒய் காரின் உரிமையாளர் மகன்,
சுங்கை சிப்புட்.