கார்டிசால் கணக்கில் மணி முக்கியம்

ஆசிரியருக்கு வணக்கம்.

முழு உடல் பரிசோதனையோடு ‘ஸ்ட்ரெஸ் டெஸ்ட்’ என்று, உடல் நெருக்கடியில் கூடுதலாகச் சுரக்கும் ஹார்மோனான கார்டிசாலையும் சேர்த்துப் பார்ப்பது காரைக்குடிப் பக்கமும் வந்துவிட்டது. புதுவயலிலிருந்து பஸ் ஏறி வந்து சாயங்காலம் நாலு மணிக்கு ரத்தம் கொடுப்பவரின் தாளில், காலை அளவை வைத்துக் ‘குறைவு’ என்று அச்சாகிவிட்டால் வீடே கலங்கிப் போகிறது. பல நேரம் அவருக்கு ஒன்றுமே இருக்காது.

இந்தச் சுரப்புக்கு உத்தரவு மூளையிலிருந்து வருகிறது. மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸில் சிஆர்எச் என்ற தூண்டு ஹார்மோனைச் சுரக்கும் நரம்பணுக்களை, நரம்புகளுக்கிடையே சேதி சொல்லும் ரசாயனங்களான குளுட்டமேட்டும் நார்அட்ரினலினும் உசுப்புகின்றன. அதே வகை ரசாயனமான காபா அடக்கி வைக்கிறது. அதிர்ச்சி, காய்ச்சல், ரத்த இழப்பு என்று ஏதாவது வந்தால் காபாவின் பிடி தளரும். ‘மகிழ்ச்சி ரசாயனம்’ என்று பெயர் வாங்கிய செரட்டோனின்கூட இங்கே உசுப்பிவிடும் கட்சிதான். சிஆர்எச் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தட்ட, அது ஏசிடிஎச் என்ற ஹார்மோனை அனுப்ப, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கார்டிசாலை விடுகிறது. அரை மணி நேரத்தில் உச்சம். போதும் என்றானதும் கார்டிசாலே மூளைக்குத் திரும்பி, குழாயை மூடச் சொல்லும்.

இதற்கு மேல் உடற்கடிகாரம் வேறு. விடியலில் அதிகம், நடுராத்திரியில் மிகக் குறைவு. அதனால் காலை 8 மணியையொட்டி, கால் மணி நேரமாவது உட்கார்ந்த பிறகு ரத்தம் கொடுங்கள். அப்போதைய அளவு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 5 முதல் 25 மைக்ரோகிராம். லேபுக்கு லேப் சற்று மாறும். கல்யாணச் சமையலில் விடிய விடிய அடுப்படியில் நின்றவர் அதைச் சொல்லிவிட வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை கார்டிசால் அளவை ஏற்றிக் காட்டும். முடி உதிர்வுக்குச் சாப்பிடும் பயோட்டின் என்ற வைட்டமினும் சில பரிசோதனைக் கருவிகளைக் குழப்பும்.

உண்மையில் பயப்பட வேண்டியது, கார்டிசாலைப் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்துக்கு. மூட்டுவலிக்கென்று பொட்டலத்தில் தரும் பொடியில் அது கலந்திருப்பதும் உண்டு. மூன்று வாரத்துக்கு மேல் உள்ளே போனால், வெளியிலிருந்து வருவதே போதுமென்று மூளை சிஆர்எச்சைக் குறைத்துவிடும். அட்ரினலும் சோம்பிப் போகும். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், வாந்தி, ரத்த அழுத்தம் சரிவு, உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

லேப்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தாளில் பில் போட்ட நேரத்தை விட்டுவிட்டு, ரத்தம் எடுத்த நேரத்தை அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவ ஆய்வக நுட்பர்கள் இருவர்,
காரைக்குடி