பீஸ் பாக்கிக்காக கேஸ் கட்டைப் பிடித்து வைக்க முடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சட்டக் கேள்வி-பதில் பகுதியில், பீஸ் பாக்கியைத் தீர்க்கும்வரை கேஸ் கட்டை, அதாவது வழக்கு ஆவணங்களின் தொகுப்பை, தராமல் வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை உண்டு என்று பதில் வந்திருந்தது. அது தவறு. அதை நம்பிக் காத்திருக்கும் கட்சிக்காரர் மேல்முறையீட்டுக் கெடுவைக் கோட்டைவிட நேரும். ஆகவே திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

உச்ச நீதிமன்றம் இதற்கு 2000 ஆகஸ்டிலேயே விடை சொல்லிவிட்டது (எஸ்.சி.சி. எனும் தீர்ப்புத் தொகுப்பு, 2000, 7ஆம் தொகுதி, பக்கம் 264). மத்தியப் பிரதேசக் கூட்டுறவு வங்கி ஒன்று 1993இல் தன் சட்ட ஆலோசகரை விலக்கி, கட்டுகளைத் திருப்பிக் கேட்டது. அவர் 97,100 ரூபாய் பாக்கி என்று பில் கொடுத்து, பணம் வந்தால்தான் கட்டு என்றார். வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில் அவருக்கு 18 மாதத் தொழில் தடையும் 1,000 ரூபாய் அபராதமும் விதித்தது. சட்டநிலை அதுவரை தெளிவாக இல்லை என்பதால் உச்ச நீதிமன்றம் தண்டனையை வெறும் கண்டனமாகக் குறைத்தது. ஆனால் அவர் செய்தது தொழில் ஒழுங்கீனம்தான் என்பதை மாற்றவில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 171ஆம் பிரிவு, பாக்கிக்காகப் பொருளைப் பிடித்து வைக்கும் உரிமையைச் சிலருக்குத் தருகிறது. கேஸ் கட்டு அந்தப் பிரிவு சொல்லும் விலைபோகும் சரக்கு அல்ல என்பதே தீர்ப்பின் அடிப்படை.

இதனால் வக்கீலின் உழைப்புக்குப் பணம் இல்லை என்று ஆகிவிடாது. 1926ஆம் ஆண்டின் வழக்கறிஞர் கட்டணச் சட்டம், பாக்கிக்கு சிவில் வழக்கு போடும் உரிமையை அவருக்குக் கொடுத்திருக்கிறது. பேசி முடித்த தொகை இருந்தால் அதைக் கேட்கலாம். தொகை பேசியதற்கு ஆதாரம் இல்லை என்றால், தோற்றவர் தர வேண்டிய செலவுத்தொகையில் வக்கீல் கட்டணமாக நீதிமன்ற விதி எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவுதான். அது பெரும்பாலும் நடைமுறையில் வாங்கும் கட்டணத்தை எட்டாது. இத்தகைய வழக்குகள் படுத்துவிடுவது இங்கேதான். வக்கீலை நியமிக்கும் பத்திரமான வக்காலத்தில் கட்சிக்காரரின் கையெழுத்து இருக்கும், ஆனால் அது நியமனத்துக்குச் சாட்சியே தவிர தொகைக்குச் சாட்சி அல்ல. தொகை, எந்தக் கட்டத்தில் எவ்வளவு, மேல்முறையீடு சேர்த்தியா தனியா, இவற்றை ஒரு பக்கக் கடிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டிருந்தால் வழக்கில் பாதி வேலை முடிந்த மாதிரி. காலவரம்பு மூன்று ஆண்டு. தவணைத் தேதி எதுவும் பேசாதிருந்தால் வேலை முடிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். அந்தக் கெடுவுக்குள் கட்சிக்காரர் பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும்.

கிடைக்கும் இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று பேசிக்கொள்வது, குறிப்பாக விபத்து வழக்குகளில், இன்னும் ஓயவில்லை. பார் கவுன்சில் விதி 20 இதைத் தடுக்கிறது. கணவரை விபத்தில் இழந்த தெலங்கானா பெண்மணி ஒருவரிடம், அவருடைய வக்கீல் 10 லட்சம் ரூபாய் வாங்கியது போக மேலும் 3 லட்சத்துக்குச் செக் வாங்கி, அது திரும்பியதும் செக் மோசடி வழக்கும் போட்டார். சதவீதக் கட்டணம் சட்டப்படி வசூலிக்கத்தக்க கடனே அல்ல என்று கூறி 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. பிள்ளையை வளர்க்க வந்த பணத்தில் பங்கு கேட்பதை வழக்கம் என்று சொல்லி நியாயப்படுத்தக் கூடாது.

தகராறில் இருக்கும் கட்சிக்காரர் முதலில் கணக்குக் கேட்கட்டும். பார் கவுன்சில் விதி 26இன்படி, வாங்கிய பணம் பீஸுக்கா, செலவுக்கா என்பதை வக்கீல் பிரித்துக் காட்ட வேண்டும். கோர்ட் ஸ்டாம்புக்கும் கோர்ட் நியமிக்கும் கமிஷனரின் பேட்டாவுக்கும் (படிக்காசு) கொடுத்த பணத்தை, வழக்கு நடக்கும்போது எழுத்துச் சம்மதமின்றி பீஸில் வரவு வைக்கக் கூடாது. கட்டைக் கேட்கும் கடிதத்தில் என்னென்ன ஆவணம் என்று தேதி வாரியாக எழுதி, ஒப்புகையோடு தபாலில் அனுப்புவது நல்லது. பதிலுக்குக் காத்திராமல், கோர்ட்டில் தாக்கலானவற்றுக்குச் சான்றிட்ட நகல் கேட்டு அன்றே காப்பி அப்ளிகேஷன் போட்டுவிட வேண்டும். வழக்கில் சான்றாவணமாகக் குறியீடு செய்த மூல ஆவணங்கள் கோர்ட்டிலேயே இருக்கும். ஆகவே உண்மையில் கவலைப்பட வேண்டியது தாக்கலாகாத பத்திரங்களுக்கு மட்டும்தான். வக்காலத்து மாற்றத்துக்கு முந்தைய வக்கீல் கையெழுத்துப் போட மறுத்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் உத்தரவு 3 விதி 4இன்படி நீதிமன்ற அனுமதி கேட்டு மனு போடலாம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதில் பயனில்லை. வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் தீர்ப்பாகிவிட்டது. கட்டைத் தர மறுப்பதைப் பற்றி மாநில பார் கவுன்சிலில் வழக்கறிஞர்கள் சட்டம் 35ஆம் பிரிவின் கீழ் புகார் தரலாம். அதை ஓராண்டுக்குள் முடிக்காவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். பீஸ் பாக்கி எவ்வளவு என்பதை மட்டும் சிவில் கோர்ட்தான் தீர்மானிக்கும்.

இப்படிக்கு,
உரிமையியல் வழக்கறிஞர் ஒருவர்,
திருச்சி.