பேட்டரியை மாற்ற வேண்டாம், பொறு

காரைக்குடி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கானாடுகாத்தான் போய் ஆத்தாவையும் பார்த்துவிட்டு வந்தேன். நன்றாக நடமாடுகிறார்கள். நீ எப்போது வருகிறாய் என்றுதான் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

உன் கார் விஷயம். புது பேட்டரி போடச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தாயே, இப்போதைக்கு வேண்டாம். மீட்டர் வைத்துப் பார்த்தேன், 11.8 வோல்ட். பெயருக்கு 12 வோல்ட் பேட்டரி என்றாலும் உள்ளே ஆறு செல், செல்லுக்கு 2.1. அதனால் முழு சார்ஜில் 12.6 காட்ட வேண்டும். 12.2 வந்தாலே பாதிதான் மிச்சம். 11.8 என்றால் காலி.

என் வண்டியிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்து, அந்த இணைப்பு வயரை மட்டும் கழற்றிவிட்டு, இன்ஜின் ஓடும்போதே மறுபடி பார்த்தேன். 14.2. ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டும் 13.8-க்குக் கீழே இறங்கவில்லை. இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. இன்ஜின் ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்றிருந்தால் அதன் பெல்ட், கார்பன் பிரஷ், டையோடு என்று தேட வேண்டியிருக்கும். அந்த நிலையில் புது பேட்டரி போட்டாலும் அதுவும் படுத்துவிடும். 15-ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் கோளாறு; பேட்டரி தண்ணீர் வற்றிப்போகும். நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம்.

சார்ஜரில் மெதுவாக ஏற்றினேன். எடுத்தவுடன் அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும், அதை நம்பக் கூடாது. ராத்திரி முழுக்க அப்படியே விட்டுக் காலையில் பார்த்தேன், 12.5. செல்ஃப் அடிக்கும்போதும் 10-க்கு மேலேயே நின்றது. பேட்டரிக்கு உயிர் இருக்கிறது.

பட்டினி போட்டதுதான் காரணம். நிற்கிற காரிலும் கடிகாரமும் அலாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் இழுக்கும். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் ஈயத் தகட்டில் சல்பேட் கெட்டியாகிவிடும், அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்காது. டிரைவர் பள்ளத்தூர் வரை ஓட்டித் திரும்புவது ஸ்டார்ட் செய்ய எடுத்ததை ஈடுகட்டலாம், அவ்வளவுதான். வாரம் ஒரு முறை பிள்ளையார்பட்டி வரை போய்வரச் சொல். ஆத்தாவுக்கும் சாமி கும்பிட்ட மாதிரி ஆகும்.

ஒன்று மட்டும் டிரைவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடு. ஆல்டர்னேட்டரைச் சோதிக்கிறேன் என்று இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றக் கூடாது. வோல்டேஜ் எகிறி டையோடும் போகும், காரின் கம்ப்யூட்டரும் போகும்.

சார்ஜரை உன் வீட்டிலேயே வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வருகிறாய்தானே? தேதியை எழுது.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை