கணப்புக்கு ஈர விறகு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டுக் கணப்பில் ஈர விறகை எரிப்பது ஆபத்தை விலைக்கு வாங்குவது. விறகில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பிளந்து ஆறு மாதமாவது காய்ந்திருக்க வேண்டும். இரண்டு கட்டைகளைத் தட்டிப் பாருங்கள்: 'டங்'கென்றால் காய்ந்தது, 'தொப்'பென்றால் ஈரம் போகவில்லை. ஈர விறகின் புகை குளிர்ந்து, புகைபோக்கியின் உட்சுவரில் தார்போல் படியும். கிரியோசோட் எனப்படும் அந்தப் படிவு தீப்பற்றினால் வெப்பம் 1000 டிகிரி செல்சியஸை எட்டக்கூடும். சுவரே விரிசல் விடும். 3 மில்லிமீட்டர் படிந்தாலே சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

தீ மூட்டுமுன் டாம்பரை, அதாவது புகைபோக்கியின் வழியைத் திறந்து மூடும் தகட்டை, முழுதாகத் திறங்கள். கங்கு அணையும்வரை மூடவே கூடாது. மூடினால் கங்கிலிருந்து வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு அறைக்குள் தங்கும்; அதற்கு மணமில்லை, அதைக் கண்டறியும் அலாரம் அவசியம். சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி வீட்டுக்கு வெளியே, தள்ளி வையுங்கள். சாம்பலுக்குள் கங்கு நாட்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும்.