ஏழு நிமிடம் காணாமல் போன மாணவியின் புகார்

அனுப்புநர்:
இரண்டாம் ஆண்டு மாணவி (வார்டு இன்சார்ஜ் நர்ஸ்),
மருத்துவமனை நிர்வாகம், பகுதிநேர முதுநிலைப் படிப்பு.

பெறுநர்:
மாணவர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: வருகைப்பதிவு ரத்து, தேர்வு மதிப்பெண், ஆய்வேட்டு வழிகாட்டி தாமதம் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உங்கள் உதவி மையத்துக்கு நான்கு முறை எழுதிவிட்டேன். மூன்று முறை ஒரே பதில்தான் வந்தது: "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது." பதிவானதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பதிவானபின் அது எங்கே போகிறது என்பதுதான் தெரியவில்லை. ஆகவே இந்த ஐந்தாவது கடிதத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் 30 படுக்கை உள்ள பொது மருத்துவ வார்டின் இன்சார்ஜ். 14 வருட சர்வீஸ். டூட்டி ரோஸ்டர் போடுவது, படுக்கை ஒதுக்குவது, ஸ்டாக் பார்ப்பது, யாராவது திடீரென்று லீவு போட்டால் ஆள் பிடிப்பது என்று இத்தனை நாளும் அனுபவத்தை வைத்தே ஓட்டிவந்தேன். இதையெல்லாம் முறையாகப் படிக்கலாமே என்று ஆசைப்பட்டபோது உங்கள் விளம்பரம் கண்ணில் பட்டது. "பணியில் இருப்பவர்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டது" என்று போட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் சேர்ந்தேன். நான்கு தவணையில் மூன்றைக் கட்டியும் ஆயிற்று.

முதலில் வருகைப்பதிவு விஷயம். நேரலை வகுப்பில் கேமராவை அணைக்கக் கூடாது என்பது உங்கள் விதி. போன மாதம் ஒரு புதன்கிழமை மாலை எனக்கு டூட்டி. வகுப்புக்காக என் சாப்பாட்டு இடைவேளையை மாற்றி வாங்கிக்கொண்டு, வார்டை சீனியர் ஸ்டாஃப் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, துணி அறைக்குள் போய் உட்கார்ந்தேன். நோயாளிகள் யாரும் கேமராவில் விழாத இடம் அது ஒன்றுதான். மடித்து அடுக்கிய படுக்கை விரிப்புகளின்மேல் போனைச் சாய்த்து வைத்தேன். பாடம் ஆரம்பித்து இருபது நிமிடம் இருக்கும், 14-ஆம் படுக்கையில் சொட்டு மருந்தை அளவாக ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்ப் கத்த ஆரம்பித்தது. ஒப்படைத்த ஸ்டாஃப் அப்போது இன்னொரு நோயாளிக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார். ரத்தம் ஏற்றும்போது முதல் 15 நிமிடம் பக்கத்தை விட்டு நகரக் கூடாது என்பது எங்கள் வார்டில் எல்லாருக்கும் தெரியும். நான்தான் போனேன். மருந்து போகும் லைனில் காற்று. சரிசெய்துவிட்டுத் திரும்பி வர ஏழு நிமிடம் ஆனது. அந்த ஏழு நிமிடமும் உங்கள் மென்பொருள் வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. அன்றைய வருகை முழுவதும் ரத்து. (அன்றைய பாடம் மருத்துவமனைக் கணக்கியல். நோயாளியின் அந்தரங்கம் பற்றிய பாடமாக இருந்திருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.)

இதைப் பற்றிக் கேட்டபோதுதான் உதவி மையம் முதல்முறையாகச் சொந்த வாக்கியத்தில் பதில் எழுதியது: "இது மாணவரின் கவனக்குறைவு."

இந்த வரியைப் படித்ததும் முதல் பருவத்துப் பாடக் குறிப்பைத் தேடி எடுத்தேன். நோயாளி பாதுகாப்பு, மூன்றாம் அலகு. ஒரு தவறு நடந்தால் "யார் செய்தது" என்று முதலில் கேட்காதே, எந்த அடுக்கில் ஓட்டை இருந்தது என்று பார் என்கிறது அது. உளவியலாளர் ஜேம்ஸ் ரீசனின் சீஸ் துண்டுப் படத்தையும் போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு துண்டிலும் ஓட்டை, எல்லா ஓட்டையும் ஒரே நேர்கோட்டில் வந்தால் விபத்து. மருந்து மாற்றிக் கொடுத்த நர்ஸைத் திட்டினால் அடுத்த நர்ஸ் மறைக்கத்தான் கற்றுக்கொள்வார் என்று அந்த வகுப்பில் பேராசிரியர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஷிஃப்டில் இருப்பவருக்குக் கேமராவை வைத்து வருகை எடுக்கும் முறையில் ஓட்டை இருக்கிறதா என்று நீங்கள் பார்க்கவே இல்லை. ஆளைத்தான் பார்த்தீர்கள்.

வகுப்புப் பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கும் வழியில்லை. பதிவு 48 மணி நேரத்தில் மறைந்துவிடுகிறது. மூன்று இரவு டூட்டி தொடர்ந்து வந்தால் 48 மணி நேரம் எங்கே போனது என்றே தெரியாது. தேர்வுத் தேதியை 10 நாள் முன்னால் அறிவிக்கிறீர்கள். எங்கள் ரோஸ்டர் ஒரு மாதத்துக்கு முன்பே ஒட்டப்பட்டுவிடும். ஒவ்வொரு தேர்வுக்கும் யாரிடமாவது கெஞ்சி டூட்டி மாற்ற வேண்டியிருக்கிறது. ரோஸ்டர் போடுகிறவளே நான்தான். எனக்காக நானே ரோஸ்டரைக் கலைத்தால் மற்றவர்களிடம் எப்படி முகம் காட்டுவது?

அடுத்தது மதிப்பெண். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

செயல்பாட்டு மேலாண்மைத் தேர்வில் 10 மதிப்பெண் கேள்வி: வார்டில் படுக்கை நிரம்பும் விகிதம் எவ்வளவு இருப்பது நல்லது, காரணத்துடன் விளக்குக. ஏறத்தாழ 85 சதவீதத்தைத் தாண்டினால் நெருக்கடி தெரிய ஆரம்பிக்கும், 90-க்கு மேல் போனால் அடிக்கடி இடமில்லாமல் போகும் என்று எழுதினேன். 1999-ல் வந்த ஒரு கணினி மாதிரி ஆய்வு சொன்னதும் அதுதான். அதோடு, 85 ஒன்றும் மந்திர எண் அல்ல, சின்ன ஐசியூ மாதிரி இடத்தில் ஏற்ற இறக்கம் அதிகம் என்பதால் இன்னும் கூடுதலாகக் காலி வைக்க வேண்டியிருக்கும் என்றும் எழுதினேன். கிடைத்தது 2 மதிப்பெண். ஓரத்தில் குறிப்பு: "100% என்பதே சரி. காலிப் படுக்கை வீணாகும் வளம்."

விடைத்தாளைத் திருத்தியவர் எந்த வார்டிலும் ஒரு இரவுகூட நின்றிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். 30-க்கு 30 நிரம்பிய இரவில் எமர்ஜென்சியிலிருந்து ஒரு நோயாளி வந்தால் அவர் நடைபாதையில் ட்ராலியில்தான் கிடப்பார். தொற்று உள்ளவரைத் தனியாக மாற்ற இடமிருக்காது. அதைவிட, உங்கள் பாடத்திலேயே வரிசைக் கோட்பாடு இருக்கிறது. ஒரே ஒரு கவுன்டர் உள்ள மிக எளிய மாதிரியில், கவுன்டர் 80 சதவீத நேரம் வேலையில் இருந்தால் சராசரியாக 4 பேர் அங்கே இருப்பார்கள். 90 சதவீதம் ஆனால் 9 பேர். 95 ஆனால் 19. நூறை நெருங்க நெருங்க வரிசைக்கு முடிவே கிடையாது. இரண்டாம் பருவத்தில் இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு மூன்றாம் பருவத்தில் 100 சதவீதம் சரி என்று திருத்தினால், நாங்கள் எந்தப் பருவத்தை நம்புவது? மறுமதிப்பீட்டுக்குத் தனிக் கட்டணம் என்கிறீர்கள். விடைக்குறிப்பில் பிழை இருப்பதைக் காட்ட நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?

பாடக் குறிப்புகளும் பழசு. நோய்க் குறியீடு பற்றிய அலகு, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியலின் பத்தாம் பதிப்பான ஐசிடி-10-ஐ "அண்மையில் வந்த பதிப்பு" என்கிறது. பல இடங்களில் இன்னும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது, கற்பிக்க வேண்டியதுதான். ஆனால் ஐசிடி-11 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதைப் பற்றி ஒரு வரியாவது வேண்டாமா?

எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. தர மேம்பாடு எடுத்த பேராசிரியை 2008-ல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை நடத்திய விதம் அப்படி. மொத்தமே 19 அம்சங்கள், மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், தியேட்டரை விட்டு வெளியே போகும் முன் என்று மூன்று நிறுத்தங்கள். எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் பார்த்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-ஆகக் குறைந்தது என்றார். டிக் அடிப்பது பெரிதல்ல, எல்லாரும் ஒரு நிமிடம் நின்று பெயர் சொல்லிப் பேசுவதுதான் பெரிது என்றார். மறுநாளே எங்கள் ஷிஃப்ட் ஹேண்ட்ஓவரில் அதை மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தேன். அந்த வகுப்புக்காகத்தான் இன்னும் விலகாமல் இருக்கிறேன்.

கடைசியாக, கைடு. என் ஆய்வு டிஸ்சார்ஜ் தாமதம் பற்றியது. டாக்டர் ரவுண்ட்ஸில் "நீங்கள் வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லும் நேரத்துக்கும், அந்தப் படுக்கை துடைத்துப் புது விரிப்பு போட்டு அடுத்தவருக்குத் தயாராகும் நேரத்துக்கும் நடுவில் என்னவெல்லாம் நடக்கிறது என்று பார்ப்பது. சும்மா ஒத்திகையாக ஒரு வாரம் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். எல்லாரும் பில்லிங்கைத்தான் திட்டுவார்கள். நான் பார்த்த வாரத்தில் அதிக நேரம் தின்றது பில்லிங் அல்ல, கையெழுத்துக்காக மேஜையில் கிடந்த டிஸ்சார்ஜ் சம்மரி. காலை ஒன்பதரைக்கு "போகலாம்" என்று டாக்டர் சொல்லக் கேட்ட ஒரு பெரியவர், சட்டை மாற்றி, செருப்பைப் போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்தபடி மதியம் இரண்டரை வரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அனுமதிக்கு முன் எடுத்த கணக்கை ஆய்வில் சேர்க்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், சேர்க்கவும் மாட்டேன். நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அதற்குக் கைடின் கையெழுத்து வேண்டும். என் முன்மொழிவு பதினோரு வாரமாகக் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. அந்தப் பெரியவர் பரவாயில்லை, அன்றைக்கே வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரே கைடுக்கு 36 பேரை ஒதுக்கியிருக்கிறீர்கள். அவர் வாரத்துக்கு மூன்று முன்மொழிவுதான் பார்க்கிறார்; அவருக்கும் வேறு வேலை உண்டு, அவரைக் குறை சொல்லவில்லை. நீங்கள் கற்பித்த லிட்டில் விதியையே (வரிசையில் இருப்பவர்களை, வாரத்துக்கு முடிப்பவர்களால் வகுத்தால் காத்திருக்கும் காலம்) போட்டுப் பார்த்தேன்: 36-ஐ 3-ஆல் வகுத்தால் 12 வாரம். உங்கள் கால அட்டவணை இந்தக் கட்டத்துக்குக் கொடுத்திருப்பது 4 வாரம். அட்டவணை போட்ட அன்றைக்கே, ஒரு பேனாவும் பழைய உறையின் பின்பக்கமும் இருந்தால் இது தெரிந்திருக்கும். எங்கள் மருத்துவமனை எனக்குத் தகவல் எடுக்கக் கொடுத்த அனுமதி இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குப் பிறகு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், ஒரு பருவம் போய்விடும். ஆய்வேட்டைத் தாமதமாகக் கொடுத்தால் அபராதம் என்றும் உங்கள் கையேட்டில் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இவைதான். ரத்தான வருகையைத் திருப்பிக் கொடுங்கள். இனிமேல் ஷிஃப்டில் வேலை செய்பவர்கள் பதிவைப் பார்த்துச் சின்னத் தேர்வு ஒன்றை எழுதினால் வருகையாக எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு பருவம் முடியும்வரை இருக்கட்டும். தேர்வுத் தேதியை ஆறு வாரம் முன்னால் சொல்லுங்கள். அந்த 10 மதிப்பெண் கேள்வியை, எனக்கு மட்டுமல்ல, எழுதிய எல்லாருக்கும், கட்டணம் இல்லாமல் வேறொருவரை வைத்துத் திருத்துங்கள். என் முன்மொழிவைப் பத்து நாளுக்குள் பார்க்க இன்னொரு கைடை ஒதுக்கி, அவர் எந்தத் தேதிக்குள் பார்ப்பார் என்பதையும் எழுத்தில் கொடுங்கள். இந்தக் கடைசிக் கோரிக்கை முடியாதென்றால் ஆய்வேட்டு அபராதத்தை ரத்து செய்து, வீணாகும் பருவத்துக்கான கட்டணத்தை நான்காம் தவணையில் கழித்துக்கொள்ளுங்கள். அதுவரை நான்காம் தவணையைக் கட்டுவதாக இல்லை.

மூன்று வாரத்துக்குள் எழுத்தில் பதில் வரவில்லையென்றால் உங்கள் படிப்புக்கு அங்கீகாரம் கொடுத்த அமைப்புக்கு இதே கடிதத்தை, உதவி மையத்தின் நான்கு பதில்களோடும் இணைத்து அனுப்புவேன். வருகை ரத்தான அறிவிப்பு, திருத்திய விடைத்தாளின் நகல், கைடுக்கு நான் அனுப்பிய நினைவூட்டல்கள் எல்லாம் இத்துடன் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. அடுத்த வாரம் செவ்வாய் முதல் வெள்ளி வரை எனக்கு நைட் டூட்டி. தயவுசெய்து பகலில் போன் செய்ய வேண்டாம், தூங்கிக்கொண்டிருப்பேன். மின்னஞ்சல் போதும்.

இப்படிக்கு,
தங்கள் இரண்டாம் ஆண்டு மாணவி